சிமெண்டில் கலக்கும் கனிமப் பொடிக்குக் காப்புரிமை: குமரி மாவட்டத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தக்கலை பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்களுக்கு அந்தக் கறுப்புத் தரை நினைவிருக்கும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, செடிச்சாறு, மணல் என்று அதன் கூட்டைச் சொல்வார்கள். அதே கூட்டை எழுதி இன்று ஒருவர் காப்புரிமை கேட்டால் முதல் படியிலேயே திரும்பி வரும். மரபறிவுக்குக் காப்புரிமை இல்லை என்று 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்கிறது.

இப்போது நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி வேறு பொருள்களைச் சுற்றி வருகிறது. கிரஷரில் மலைபோல் கிடக்கும் பாறைப்பொடி, சூளையில் கழித்துப்போட்ட செங்கல், நாஞ்சில் நாட்டு ரைஸ் மில்களின் உமிச்சாம்பல், கடற்கரைச் சிப்பி ஓடு இவற்றை அரைத்து, சிமெண்டைக் குறைத்து, பேவர் பிளாக்கும் ஹாலோ பிளாக்கும் போட்டுப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். பொறியியல் கல்லூரி இறுதியாண்டு புராஜெக்ட்டில் பாதி இதுதான். “இதுக்குப் பேட்டன்ட் கிடைக்குமா சார்?” என்றால், கிடைக்க வழி உண்டு. எந்தப் பொடி என்பதைவிட, அதோடு எந்த ஒப்பீட்டுச் சோதனைகளைச் செய்து வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அது முடிவாகும்.

படி 1: பொடி உள்ளே என்ன செய்கிறது?

சிமெண்டோடு தண்ணீர் சேர்ந்ததும் கலவையைக் கட்டிப்பிடிக்கும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் உருவாகிறது. கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடும் வெளிவருகிறது. இதனால் வலிமைக்குப் பெரிய பயன் இல்லை. படிக ஒழுங்கில்லாத சிலிக்காவோ அலுமினாவோ உள்ள பொடி அதைத் தின்று மேலும் கட்டுப்பொருளாக மாற்றினால், அது பொசலான். நிலக்கரிச் சாம்பல், சிலிகா ஃப்யூம், சரியான சூட்டில் எரித்த உமிச்சாம்பல், களிமண்ணை 600 முதல் 800 டிகிரி வரை சுட்டுக் கிடைக்கும் மெட்டாகயோலின் எல்லாம் இந்த வகை.

நம் ஊர்ப் பாறைப்பொடி அப்படியில்லை. சார்னோக்கைட், நைஸ் பாறைகளில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும். இரண்டும் கட்டுக்கோப்பான படிகங்கள். சாதாரண அரைவையில் அவை வினைபுரியாது. துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளியை அடைக்கும், அவ்வளவுதான். சூளைக் கல்லிலும் வேறுபாடு உண்டு. அதிகம் வெந்து கருகிய கல்லில் களிமண் மறுபடி படிகமாகத் தொடங்கி வினைத்திறனை இழந்திருக்கும். வேகாத கல் என்று ஒதுக்குவதுதான் இந்த வேலைக்கு ஏற்றதாக இருக்கலாம்.

இதை ஊகத்தில் விடாதீர்கள். எக்ஸ்-ரே டிஃப்ராக்ஷன் எடுத்தால் படிகம் எவ்வளவு, படிகமற்றது எவ்வளவு என்று தெரியும். எக்ஸ்-ரே ஃப்ளோரசன்ஸ் ஆக்சைடு அளவுகளைத் தரும். சுண்ணாம்போடு எவ்வளவு வினைபுரிகிறது என்பதற்கு ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 1727 முறை இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து பார்த்தால் சென்னையைவிடத் திருவனந்தபுரம் பாப்பனம்கோட்டில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் (நீஸ்ட்) பக்கம். எங்கே கொடுத்தாலும் மாதிரியைக் கொடுக்கும் முன் இரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

படி 2: சட்டம் அடைத்துவைத்திருக்கும் வாசல்கள்

புதுமை, கண்டுபிடிப்புப் படி (துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாத முன்னேற்றம்), தொழில்பயன் மூன்றும் இருந்தால்தான் காப்புரிமை. இவற்றுக்கு முன்பே 3-ஆம் பிரிவு சிலவற்றை வெளியே நிறுத்துகிறது.

இயற்கையில் கிடைக்கும் பொருளைக் கண்டறிந்தது மட்டும் போதாது. தோவாளைப் பக்கம் நல்ல வினைத்திறன் உள்ள களிமண் இருப்பதை நீங்களே முதலில் கண்டுபிடித்திருந்தாலும் அந்த மண் உங்கள் கண்டுபிடிப்பு ஆகாது. தெரிந்த பொருளுக்குப் புதிய பயன் சொல்வதும் செல்லாது. “கார்னெட் பொடியை கான்கிரீட்டில் போட்டால் தேய்மானம் குறைகிறது” என்பது மட்டுமே விண்ணப்பத்தின் சாரம் என்றால், எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அதோடு முடிந்துவிடும்.

நம் துறையில் மிக அதிகம் பேர் தடுக்கி விழுவது 3(இ)-யில், அதாவது 3(e)-யில். பொருள்களைக் கலந்து, ஒவ்வொன்றின் குணமும் தனித்தனியே வந்து சேர்ந்திருந்தால் அது வெறும் கலவை. அதற்கும் அதைச் செய்யும் முறைக்கும் காப்புரிமை கிடையாது. சுக்கையும் மிளகையும் ஒரே டப்பாவில் போட்டதற்கு உரிமை கேட்க முடியாது. கலந்ததால் கூட்டுத்தொகைக்கு மேல் ஏதோ நடந்திருக்க வேண்டும். அதை எப்படிக் காட்டுவது என்பதே 4-ஆம் படி.

குமரிக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது மணவாளக்குறிச்சி மணல். அங்கே பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், சில்லிமனைட், மோனசைட் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கிறது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அணுசக்தி தொடர்பான கண்டுபிடிப்புகளைத் தனியாகக் கட்டுப்படுத்துகிறது. இந்த மணலோ அதன் கழிவோ உங்கள் கூட்டில் இருந்தால், மோனசைட் எவ்வளவு, கதிரியக்கம் எவ்வளவு என்ற அறிக்கை கையில் இல்லாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். பேட்டன்ட் கிடைத்தாலும் அது மணல் அள்ளும் அனுமதி ஆகாது. மற்றவர்கள் உங்கள் முறையைப் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமை மட்டுமே அது.

படி 3: தேடல்

இன்பாஸ், எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ் நான்கும் இலவசம். வெறும் சொல்லைப் போட்டுத் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து மூழ்கடிக்கும். வகைப்பாட்டு எண்ணோடு சேர்த்துத் தேடுங்கள். சிமெண்ட், சாந்து, கான்கிரீட் எல்லாம் சி04பி (C04B) என்ற தொகுப்பில் இருக்கின்றன. அதற்குள் 7 சிமெண்ட் வகைகள், 14 கனிம நிரப்பிகள், 18 கழிவுப்பொருள் நிரப்பிகள், 20 நிரப்பிகளைப் பதப்படுத்துதல், 22 கனிமச் சேர்மானங்கள், 28 முழுக் கலவைகள். பாறைப்பொடிக்காரர் 14-ஐயும் 18-ஐயும், களிமண்ணைச் சுடுபவர் 7, 14, 20 மூன்றையும் பார்க்காமல் எழுந்திருக்கக் கூடாது.

பேட்டன்ட் மட்டும் முன்னறிவு (உங்களுக்கு முன்பே வெளியில் தெரிந்தது) ஆகாது. ஐ.எஸ். தரநிலைகள், ஆய்வுக் கட்டுரைகள், கல்லூரி நூலகத்தில் இருக்கும் புராஜெக்ட் அறிக்கைகள், பழைய பொதுப்பணித் துறை நூல்கள் எல்லாமே கணக்கில் வரும். செங்கல் பொடியைச் சுண்ணாம்போடு சேர்த்த சுர்க்கிக் காரைதான் 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையில் இருக்கிறது. ஆக, “சுட்ட களிமண்ணைக் கட்டுப்பொருளாக்கினேன்” என்பதில் புதுமை இல்லை. ஐ.எஸ். 456-லும் நிலக்கரிச் சாம்பல், சிலிகா ஃப்யூம், உமிச்சாம்பல், மெட்டாகயோலின், கசடுப் பொடி எல்லாம் பெயரோடு இருக்கின்றன.

படி 4: சோதனைகள்

இங்கே நேரம் செலவழியுங்கள். மற்ற படிகளில் வரும் தவறுகளைப் பெரும்பாலும் காசு கொடுத்துச் சரிசெய்துவிடலாம். விண்ணப்பம் போன பிறகு சோதனைத் தரவைப் புதிதாக உள்ளே நுழைப்பது கடினம்.

சிப்பிப் பொடியையும் சுட்ட களிமண்ணையும் சிமெண்டில் கலக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் இரண்டு கலவை மட்டும் போடுவார்கள்: வெறும் சிமெண்ட் ஒன்று, தங்கள் கூட்டு ஒன்று. இதை வைத்து 3(இ)-யைத் தாண்ட முடியாது. குறைந்தது ஐந்து வேண்டும். வெறும் சிமெண்ட், 20 சதவீதம் களிமண் மட்டும் சேர்த்தது, 10 சதவீதம் சிப்பி மட்டும் சேர்த்தது, இரண்டும் சேர்த்தது, ஐந்தாவதாக, அதே நைசுக்கு அரைத்த குவார்ட்ஸ் பொடி 30 சதவீதம் சேர்த்தது. இந்த ஐந்தாவதை யாரும் போடுவதில்லை. உங்கள் பலன் வினையால் வந்ததா, வெறும் இடைவெளி அடைப்பால் வந்ததா என்று எக்ஸாமினர் (விண்ணப்பத்தை ஆராயும் காப்புரிமை அலுவலர்) கேட்கும்போது பதில் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

கட்டிகள் 70.6 மில்லிமீட்டர் அளவு. ஒரு கட்டிக்கு 200 கிராம் கட்டுப்பொருள், 600 கிராம் எண்ணூர் நிலைத்தர மணல். மணலின் மூன்று பருமன்களும் சம பங்கு. ஒரு நாள் ஈரக்காற்றில், பிறகு 27 டிகிரித் தண்ணீரில். ஒவ்வொரு வயதுக்கும் மூன்று கட்டி உடைத்துச் சராசரி எடுப்பார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஐ.எஸ். 4031 முறையில் தண்ணீர் அளவு, மாவின் இயல்புப் பதத்தை (சரியான பதத்துக்குக் குழைக்கத் தேவைப்படும் தண்ணீரை) பொறுத்துக் கூடும், குறையும். உங்கள் பொடி தண்ணீரை உறிஞ்சினால் தண்ணீர் தானாகவே ஏறி, வலிமை இறங்கிவிடும். பொடி மோசம் என்று நினைத்துவிடுவீர்கள். எனவே தண்ணீர்–கட்டுப்பொருள் விகிதத்தை மாறாமல் வைத்து இன்னொரு தொகுதியும் போடுங்கள். இரண்டையும் எழுதி வையுங்கள்.

விளக்கத்துக்காக மட்டும் சில எண்களை வைத்துப் பார்ப்போம். 28-ஆம் நாளில் வெறும் சிமெண்ட் சதுர மில்லிமீட்டருக்கு 45 நியூட்டன் தாங்குகிறது. களிமண் மட்டும் சேர்த்தது 43, சிப்பி மட்டும் சேர்த்தது 41. இழப்பு 2-ம் 4-ம். இரண்டையும் சேர்த்தால் 39 வர வேண்டும். வந்தது 45. குவார்ட்ஸ் கட்டி 33-இல் நிற்கிறது. இப்போது 3(இ)-க்குப் பதில் கிடைத்துவிட்டது. ஒன்றோடொன்று வினைபுரிந்திருக்கிறது.

கொண்டாட வேண்டாம். இந்த விண்ணப்பம் அடுத்த வாசலில், கண்டுபிடிப்புப் படியில், நின்றுவிடும். சுட்ட களிமண்ணின் அலுமினாவும் சுண்ணாம்புக்கல்லின் கார்பனேட்டும் சேர்ந்து கார்போஅலுமினேட் உருவாகி வலிமை தருவது துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எல்.சி.3 என்று அழைக்கப்படும் சிமெண்ட் இதன்மேல்தான் நிற்கிறது. சுவிட்சர்லாந்தின் இ.பி.எஃப்.எல்.-இல் கேரன் ஸ்க்ரிவனர் குழு, கியூபா ஆய்வாளர்கள், நம் ஐ.ஐ.டி.கள் சேர்ந்து வளர்த்தது அது. கிளிங்கர் (அரைத்துச் சிமெண்டாக்கும் சூளைக் கட்டி) 50, சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5 என்பது அதன் வழக்கமான விகிதம். 2023-இல் ஐ.எஸ். 18189 என்று இந்தியத் தரநிலையே வந்துவிட்டது. சிப்பி ஓடும் சுண்ணாம்புக்கல்லும் வேதியியலில் ஒரே கால்சியம் கார்பனேட். “சுண்ணாம்புக்கல்லுக்குப் பதில் சிப்பி போடுவது இத்துறை அறிந்த எவருக்கும் தோன்றக்கூடியது” என்று ஒரு வரியில் எழுதிவிடுவார்கள். பட்டறையில் செய்யும் சாதாரண மேம்பாட்டுக்கு மேல் ஏதாவது இருக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1978-இல் பிஸ்வநாத் பிரசாத் வழக்கிலேயே சொல்லியாயிற்று. அது பாத்திரம் கடையும்போது பிடித்துக்கொள்ளும் கருவி பற்றிய வழக்கு.

அப்படியானால் எங்கே தேடுவது? வேலை இடத்தில் தொல்லை கொடுக்கும் இடத்தில் தேடுங்கள். சுட்ட களிமண் போட்ட கலவையைத் தொட்டதுமே கொத்தனார், “சார், இது வெள்ளம் கூடுதல் இழுக்குது, கரண்டியில ஒட்டுது” என்பார். இது எல்.சி.3 குடும்பம் முழுவதற்கும் தெரிந்த தலைவலி. சிப்பியைக் களிமண்ணோடு ஒரு குறிப்பிட்ட வரிசையில், குறிப்பிட்ட நைசு வரை சேர்த்து அரைத்ததில் தண்ணீர்த் தேவை இறங்கியதாக உங்கள் குறிப்பேட்டில் இருந்தால், தனித்தனியே அரைத்துக் கலந்தபோது இறங்கவில்லை என்பதும் இருந்தால், அங்கேதான் உங்கள் கண்டுபிடிப்பு. வலிமை 45 வந்ததைவிட அந்தத் தண்ணீர்க் கணக்கு பல மடங்கு மதிப்புள்ளது. இதுபோல இரும்பு மிகுந்த செம்மண் கலந்த களியைச் சுடும் முறை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற இடங்களின் உப்புக்காற்றில் குளோரைடு கம்பி வரை போவதைத் தடுக்கும் பதப்படுத்தல் என்று யோசிக்கலாம். குளோரைடுக்கு 60 வோல்ட்டில் ஆறு மணி நேரம் ஓட்டும் ஏ.எஸ்.டி.எம். (அமெரிக்கத் தரநிலை) சி 1202 சோதனையை எல்லோரும் ஏற்பார்கள்.

தோற்ற கலவைகளையும் எறியாதீர்கள். 5 சதவீதத்தில் வேலை செய்யவில்லை, 25-இல் விரிசல் விட்டது என்ற தரவுதான், “8 முதல் 15 சதவீதம்” என்று நீங்கள் கேட்கப்போகும் எல்லைக்கு ஆதாரம்.

படி 5: வாயைத் திறக்காமல் இருப்பது

தாக்கல் தேதிக்கு முன் யூடியூபில் போட்டாலோ, வாட்ஸ்அப் குழுவில் கூட்டைச் சொன்னாலோ, பிளாக்கை விற்றாலோ புதுமை போனது போனதுதான். சில விதிவிலக்குகள் உண்டு: மத்திய அரசு அறிவித்த கண்காட்சி, கற்றோர் அவையில் வாசித்த கட்டுரை போன்றவற்றுக்கு 12 மாத அவகாசம். கான்கிரீட்காரர்களுக்கு உபயோகமானது 32-ஆம் பிரிவு. கண்டுபிடிப்பின் தன்மையால் பொது இடத்தில்தான் சோதிக்க முடியும் என்றால், நியாயமான சோதனைக்காக மட்டும் செய்தது முந்தைய ஓராண்டுக்குள் இருந்தால் அது உங்களுக்கு எதிராகாது. கடலரிப்புத் தடுப்புக் கல்லில் போட்டுப் பார்ப்பது இதற்குள் வரலாம். என்றாலும், முதலில் பிராவிஷனலை (முழு விவரக்குறிப்புக்கு முன் போடும் தற்காலிக விண்ணப்பத்தை) போட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போவதே மேல்.

மாணவர்களுக்கு ஒன்று: கல்லூரி ஆய்வகத்தில் செய்ததென்றால் உரிமை யாருக்கு என்பதைக் கல்லூரி விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிப் பேராசிரியர் பெயரைச் சும்மா மரியாதைக்காகக் கண்டுபிடிப்பாளராகச் சேர்க்க வேண்டாம். பிறகு சிக்கல் வரும்.

படி 6: விவரக்குறிப்பும் கிளெய்மும்

குறிப்பேடு தமிழில் இருக்கலாம். விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும்.

இயற்கைப் பொருள் குழிக்குக் குழி மாறும். அதனால் கிளெய்மில் (எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று எல்லை வகுக்கும் வாசகத்தில்) ஊர்ப்பெயர் வரக்கூடாது. “வேளிமலை அடிவாரக் களிமண்” என்று எழுதினால் யாராலும் திரும்பச் செய்ய முடியாது. பக்கத்து ஊர் மண்ணை எடுத்து உங்களைச் சுற்றிப் போய்விடவும் முடியும். கயோலினைட் இத்தனை சதவீதம், படிகமற்ற பகுதி இத்தனை, பிளெய்ன் நைசு (பிளெய்ன் கருவியில் அளந்த நுண்மை) இத்தனை, எரிப்பிழப்பு (சூடாக்கினால் குறையும் எடை) இத்தனை என்று அளவால் எழுதுங்கள். எந்தக் கருவியில் எந்த முறையில் அளந்தீர்கள் என்பதும் வேண்டும். ஒரு எச்சரிக்கை: 40 சதவீத அளவு கயோலினைட் உள்ள களிமண்ணே எல்.சி.3-க்குப் போதும் என்பது வெளியான தகவல். உங்கள் எல்லை அதற்கு மேலேயே நின்றால் வேறுபாட்டை வேறிடத்தில் காட்ட வேண்டியிருக்கும்.

கலவைக்கு ஒரு கிளெய்ம், செய்முறைக்கு ஒரு கிளெய்ம், அதிலிருந்து செய்த பிளாக்குக்கு ஒன்று, கீழே சார்பு கிளெய்ம்களில் எல்லைகளைப் படிப்படியாகக் குறுக்குவது வழக்கம். “இன்னதற்குப் பயன்படுத்துதல்” என்று கேட்கும் கிளெய்மை இந்தியாவில் ஏற்பதில்லை. உங்களுக்குத் தெரிந்த சிறந்த முறையை மறைக்கவும் கூடாது. சட்டம் அதைச் சொல்லச் சொல்கிறது.

படி 7: தாக்கல், கட்டணம், நாள்கள்

தமிழ்நாட்டுக்குக் கிண்டியில் உள்ள சென்னைக் காப்புரிமை அலுவலகம். போக வேண்டியதில்லை, ஆன்லைனில் போடலாம். படிவம் 1, 2, 3, 5. முகவர் வைத்தால் 26. சிறு நிறுவனம், ஸ்டார்ட்அப் என்றால் 28.

தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். 30 பக்கம், 10 கிளெய்முக்கு மேல் போனால் கூடுதல். பரிசோதனைக் கோரிக்கைக்கு (விண்ணப்பத்தை ஆராயும்படி அலுவலகத்தைக் கேட்கும் படிவம் 18) 4,000 ரூபாய். மற்ற நிறுவனங்களுக்கு இவை 8,000, 20,000. முகவர் கட்டணம் தனி. செலவின் பெரும்பகுதி அதுதான். டி.பி.ஐ.ஐ.டி. (மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வணிக ஊக்குவிப்புத் துறை) அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்புக்கு எஸ்.ஐ.பி.பி. என்ற அறிவுசார் சொத்துரிமை உதவித் திட்டத்தில் முகவர் கட்டணத்தை அரசே ஏற்கிறது. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையத்திலும் விசாரியுங்கள்.

பிராவிஷனல் போட்டால் 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு. 90 நாள் கட்டி, குளோரைடு சோதனை எல்லாம் இந்த ஓராண்டுக்குள் முடிய வேண்டும். பிராவிஷனலில் இல்லாத புதிய பொருளை முழு விவரக்குறிப்பில் சேர்த்தால் அதற்கு முதல் தேதி கிடைக்காது. எனவே பிராவிஷனலை ஒரு பக்கத்தில் முடித்துவிடாதீர்கள். 18 மாதத்தில் வெளியீடு. பரிசோதனைக் கோரிக்கை 31 மாதத்துக்குள். 2024 விதித் திருத்தத்துக்கு முன் 48 மாதம் இருந்தது, பழைய குறிப்புகளை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். விண்ணப்பதாரர் பெண், ஸ்டார்ட்அப் அல்லது சிறு நிறுவனம் என்றால் விரைவுப் பரிசோதனைக்குப் படிவம் 18ஏ உண்டு. வெளிநாட்டில் முதலில் போட நினைத்தால் 39-ஆம் பிரிவின்படி முன் அனுமதி வாங்க வேண்டும்.

படி 8: முதல் பரிசோதனை அறிக்கை

எக்ஸாமினரின் அறிக்கை வந்தால் பயப்பட ஒன்றுமில்லை; அனேகமாக எல்லோருக்கும் ஆட்சேபம் வரும். பதிலுக்கு ஆறு மாதம், கேட்டால் இன்னும் மூன்று. நம் துறையில் வழக்கமாக வருவது மூன்று: இன்ன ஆவணத்தில் ஏற்கெனவே இருக்கிறது, இரண்டு ஆவணங்களைச் சேர்த்தால் தோன்றிவிடும், 3(இ)-யின்படி வெறும் கலவை. “எங்கள் கூட்டு சிறந்தது” என்று எழுதுவதில் பயனில்லை. எந்த அட்டவணையில், எத்தனையாவது கலவையில், எதிர்பார்த்தது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று காட்டுங்கள். குவார்ட்ஸ் கட்டி இங்கேதான் கைகொடுக்கும். தேவையானால் கிளெய்மைக் குறுக்குங்கள்; பிடிவாதம் பிடித்து முழுவதையும் இழந்தவர்கள் உண்டு. நிராகரித்தால் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்கு. 2021-இல் மேல்முறையீட்டு வாரியத்தைக் கலைத்துவிட்டார்கள்.

கிடைத்தால் தாக்கல் தேதியிலிருந்து 20 ஆண்டு. மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம், மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை படிவம் 27 (காப்புரிமை பயன்பாட்டில் இருக்கிறதா என்ற அறிக்கை).

எடுக்காமல் விடுவது எப்போது?

பேட்டன்ட் இருந்தால் அரசு ஒப்பந்தத்தில் பொருளை ஏற்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்க வேண்டியதில்லை. அவர்கள் பார்ப்பது ஐ.எஸ். தரநிலையையும் ஆய்வக அறிக்கையையும்.

இன்னொன்று, கண்டுபிடிப்பு முழுக்க அரைவை வரிசையிலோ சூளைச் சூட்டிலோ இருந்தால், இறுகிய கான்கிரீட்டை உடைத்துப் பார்த்து யார் திருடினார்கள் என்று நிரூபிப்பது மிகச் சிரமம். ஆனால் விவரக்குறிப்பு 18 மாதத்தில் உலகம் முழுக்கப் படிக்கக் கிடைக்கும். மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே மட்டும் பிளாக் விற்கும் ஒருவருக்கு, அந்த முறையைத் தன் பட்டறைக்குள் வைத்துக்கொண்டு, பெயருக்கு ஒரு டிரேட்மார்க் எடுப்பதே பெரும்பாலும் நல்லது என்பது என் கருத்து. வேறு ஆலைகளுக்கு உரிமம் விற்க நினைப்பவர்கள், கலவையின் அளவுகளிலேயே புதுமை தெரிகிறவர்கள், பொடியை ஆய்வகத்தில் கொடுத்தாலே நகல் பிடிபடும் என்ற நிலையில் உள்ளவர்கள் தாமதிக்காமல் பிராவிஷனலைப் போட்டுவிட வேண்டும்.